ஹட்சன் துணைவிதி 270: ஒரு சிற்றூர் பூச்சிக்கொல்லிக்கு எல்லை வகுத்த முறை

1. ஆய்வுப் பொருள்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்றியாலுக்கு மேற்கே, ஒட்டாவா ஆறு அகன்று ஏரிபோலத் தேங்கும் கரையில் ஹட்சன் என்னும் ஊர் இருக்கிறது. எதிர்க்கரையில் ஓக்கா, இடையே படகு ஓடும். பிரெஞ்சு ஓங்கிய மாகாணத்தில் ஆங்கிலம் பேசுவோர் மிகுந்த ஊர். பெரிய மனைகள், அடர்ந்த மரங்கள், வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்தரை. மக்கள்தொகை ஏறத்தாழ 5,000. நம் கணக்கில் ஓர் ஊராட்சி. பேரூராட்சி என்று சொல்லவே சற்று யோசிக்க வேண்டும்.

இந்த ஊரின் மன்றம் 1991 மே மாதத்தில் 270 என்ற எண்ணில் ஒரு துணைவிதியை நிறைவேற்றியது. ஊர் எல்லைக்குள் பூச்சிக்கொல்லி தெளிப்பதையும் பயன்படுத்துவதையும் அது தடுத்தது. சில விலக்குகளையும் தந்தது. இரண்டு புல்தரைப் பராமரிப்பு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. மூன்று நீதிமன்றங்களில் ஏறத்தாழ ஒன்பதாண்டுக் காலம் நடந்த அந்த வழக்கில், 2001 ஜூன் 28 அன்று கனடா உச்ச நீதிமன்றம் துணைவிதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அமர்வில் ஏழு நீதிபதிகள். முடிவில் ஒருவர்கூட மாறுபடவில்லை.

இந்தத் தீர்ப்பைச் சூழலியலின் வெற்றியாகக் கொண்டாடுவது வழக்கம். கொண்டாடட்டும். ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு கேள்வி அமுங்கிப்போகிறது. ஆய்வுக்கூடமோ நச்சியல் அறிஞரோ இல்லாத ஒரு சிறு மன்றம், கூட்டரசு பதிவுசெய்து விற்க அனுமதித்த பொருளைத் தன் எல்லைக்குள் எப்படித் தடுக்க முடிந்தது? என் விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘இது நஞ்சா?’ என்ற கேள்வியை ஹட்சன் மன்றம் தலைநகருக்கே விட்டுவிட்டது. தான் கேட்டது வேறொன்று: ‘இது இங்கே அவசியமா?’ துணைவிதியின் வாசகம், வழக்கின் போக்கு, அதன்பின் இருபதாண்டுகளில் நடந்தவை ஆகிய மூன்றையும் இந்தக் கேள்வியின் வெளிச்சத்தில் படிப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

2. சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு

‘பூச்சிக்கொல்லி’ என்ற தமிழ்ச்சொல் இந்த வழக்குக்குப் போதாது. ஹட்சனில் சிக்கலின் மையத்தில் இருந்தவை பெரும்பாலும் களைக்கொல்லிகள். பூச்சி, களை, பூஞ்சை, எலி ஆகிய எல்லாவற்றையும் கொல்லும் பொருள்களை ஒரே பெயரில் அடக்கும் சட்டச்சொல்லுக்கு நம்மிடம் வழக்காற்றில் நிலைத்த ஈடு இல்லை. ஆகவே இக்கட்டுரை முழுதும் ‘பூச்சிக்கொல்லி’ என்பதை அந்த விரிந்த பொருளிலேயே ஆள்கிறேன்.

நம் உழவர் இதை அந்தப் பெயரிலும் அழைப்பதில்லை, ‘மருந்து’ என்பார். பயிருக்கு மருந்தடிக்க வேண்டும், உரம்–மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்பதே பேச்சு. ஹட்சன் துணைவிதி பூச்சிக்கொல்லிக்கு எழுதிய இலக்கணம் மிக அகலமானது. மனிதருக்கோ விலங்குக்கோ பயிருக்கோ கேடு அல்லது தொல்லை தரும் உயிரியைக் கட்டுப்படுத்த, அழிக்க, குறைக்க, ஈர்க்க, விரட்ட உதவும் எந்தப் பொருளும், நுண்ணுயிரும், செடியின் வளர்ச்சியை மாற்றும் பொருளும் அதில் அடங்கும். அதன் இறுதியில் ஒரே ஒரு விலக்கு: மருந்தும் தடுப்பூசியும் இதில் சேரா. இந்த வரியைத் தஞ்சாவூர்ப் பேச்சில் பெயர்த்தால் சட்டமே கவிழ்ந்துவிடும். வேடிக்கைக்காகச் சொன்னாலும் உண்மை இதில் இருக்கிறது. ஒரு பொருளை மருந்து என்று அழைத்துப் பழகிய ஊரில் அது அவசியமா என்ற கேள்வியே எழுவது கடினம். புல்தரை விஷயத்தில் ஹட்சனுக்கு அந்தச் சுமை இல்லை.

3. புல்தரையும் தோல் மருத்துவரும்

வட அமெரிக்கப் புறநகரில் புல்தரை வெறும் புல் அன்று. அது வீட்டுக்காரரின் நன்னடத்தைச் சான்று. வசந்தத்தில் மஞ்சள் பூவோடு முளைக்கும் டான்டிலையன் ஒரு வீட்டில் தலைகாட்டினால் விதை பறந்து அடுத்த வீட்டுக்குப் போகும். அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். இந்தக் கூச்சத்தின் மேல் ஒரு பெருந்தொழில் எழுந்தது. பருவத்துக்குச் சில முறை வண்டியில் வந்து, குழாய் நீட்டி, தெளித்துவிட்டு, புல்லில் ஒரு சிறு எச்சரிக்கைப் பலகையை நட்டுவிட்டுப் போகும் நிறுவனங்கள் 1980-களில் பெருகின.

தெளிக்கப்பட்டவற்றில் முதன்மையானது 2,4-டி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவான களைக்கொல்லி. செடியின் வளர்ச்சி ஊக்கியைப் போல நடித்து, அகன்ற இலைச் செடிகளைக் கட்டுமீறி வளரச் செய்து சாகடிக்கும். புல் வகை தப்பிவிடும். புல்தரைக்காரர் விரும்புவது இதைத்தான். வியட்நாம் போரில் தெளிக்கப்பட்ட ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ கலவையில் பாதி இதுதான் என்பதால் இதன் பெயர் கெட்டது. நியாயமாகச் சொன்னால், அந்தக் கலவையின் கொடிய டையாக்சின் மாசு மற்றப் பாதியான 2,4,5-டி தயாரிப்பிலிருந்து வந்தது.

ஹட்சனில் இதைக் கேள்விக்குள்ளாக்கியவர் ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர். தம்மிடம் வந்த நோயாளிகளின் தோல் தடிப்புகளுக்கும் தெளிப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஐயுற்றார். 1985 முதல் ஊர் மன்றக் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினார். பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் எழுந்து, எழுதி வந்த கடிதத்தை வாசிப்பார், அமர்வார், அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு கடிதத்தோடு வருவார். ஆறு ஆண்டுகள் இப்படியே போயின. அவருடைய மருத்துவ ஐயம் நிரூபணமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். மன்றமும் அப்படிக் கருதியதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டவர் முன்னால் உறுப்பினர்கள் கடைசியில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று: டான்டிலையனைக் கொல்வதற்காக இந்த ஐயத்தை ஏன் சுமக்க வேண்டும்? நெல்லையோ கோதுமையோ காக்கும் தெளிப்பாக இருந்திருந்தால் விடை அவ்வளவு எளிதில் வந்திராது.

4. துணைவிதியின் உடற்கூறு

துணைவிதி 270 சிறியது. அதன் 2-ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் ஊர் முழுதும் பூச்சிக்கொல்லி தெளிப்பதையும் பயன்படுத்துவதையும் தடுக்கிறது. இதோடு நின்றிருந்தால் நீதிமன்றத்தில் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்குமா என்பது ஐயமே. துணைவிதியின் உயிர் அடுத்து வரும் பிரிவுகளில் இருக்கிறது.

3-ஆம் பிரிவு விலக்குகளைச் சொல்கிறது. நீச்சல் குளத்தில் பயன்படுத்தலாம். மனிதரும் விலங்கும் குடிக்கும் நீரைத் தூய்மையாக்கப் பயன்படுத்தலாம். கட்டடத்துக்குள் பயன்படுத்தலாம், அதாவது சமையலறைக் கரப்பான் மன்றத்தின் கவலை அன்று. மனிதருக்கு ஆபத்தான விலங்கையும், ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்தான செடியையும் ஒழிக்கப் பயன்படுத்தலாம். தொல்லைப் பூச்சிகளை ஒழிக்கும் உயிரியல் முறைக் கொல்லிகளுக்கும் தனியே இடம் தரப்பட்டது.

இந்த விலக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றின் அளவுகோல் புலப்படும். எதிலும் வேதிப்பொருளின் பெயர் இல்லை. எந்தப் பொருள் கொடியது, எது சாது என்ற தரவரிசை இல்லை. எல்லாம் பயன்பாட்டைப் பற்றியவை: உடல்நலத்துக்காக என்றால் சரி, பாதுகாப்புக்காக என்றால் சரி. இந்த வடிகட்டியில் எஞ்சி நிற்பது அழகுக்காகச் செய்யும் தெளிப்பு மட்டுமே. ‘அழகு’ என்ற சொல்லை எழுதாமலே அழகுக்கான தெளிப்பைத் தடுத்துவிட்டார்கள். வரைந்தவர் யாரோ, கைதேர்ந்தவர்.

உழவருக்கு வேறு வழி. வயலிலோ பசுமைக்குடிலிலோ பயிர் செய்பவர் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில், தாம் வைத்திருக்கும், பயன்படுத்தவிருக்கும் பொருள்களை மன்றத்தில் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். தடை இல்லை, அறிவிப்பு உண்டு. குழிப்பந்து (கோல்ஃப்) மைதானங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் கிடைத்தது. மாசற்ற புல்லின் மேல் மிகுந்த பற்றுள்ள தரப்புக்கே நீண்ட தவணை கிடைத்தது என்பதைப் படிப்பவர் கவனிக்காமல் போகக் கூடாது. ஊர் அரசியல் எங்கும் ஊர் அரசியல்தான்.

5. வழக்கு

1992 நவம்பரில் ஸ்ப்ரேடெக், கெம்லான் ஆகிய இரு நிறுவனங்களுக்கும் துணைவிதியை மீறியதாக அழைப்பாணை போயிற்று. இரண்டும் குற்றத்தை மறுத்தன. தண்டனை வழக்கை நிறுத்திவைக்கச் செய்து, துணைவிதியே செல்லாது என அறிவிக்கக் கோரி மாகாண உயர் நீதிமன்றத்தை நாடின. அங்கும் தோல்வி, 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி. வழக்கு ஒட்டாவாவிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நிறுவனங்களின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. அவர்கள் பயன்படுத்திய பொருள்கள் கூட்டரசின் சட்டப்படி பதிவானவை. தெளிக்கும் தொழிலுக்கு மாகாண உரிமம் அவர்களிடம் இருந்தது. இரண்டு அரசுகள் அனுமதித்ததை மூன்றாவது நிலையிலுள்ள ஓர் ஊர் மன்றம் எப்படித் தடுக்கும்? அதிலும் கனடாவில் உள்ளாட்சிக்கு அரசியலமைப்பில் தனி அதிகாரம் கிடையாது. மாகாணம் சட்டத்தால் கொடுப்பது மட்டுமே அதன் கையில் உண்டு.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளேர் லெரூ-துபே இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்தார். முதலாவது, மன்றத்துக்கு அதிகாரம் உண்டா? கியூபெக்கின் நகரங்கள், ஊர்கள் சட்டத்தில் பூச்சிக்கொல்லி பற்றி வெளிப்படையான அதிகாரம் இல்லை. ஆனால் 410-ஆம் பிரிவு, அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி, உடல்நலம், பொதுநலம் ஆகியவற்றுக்காக மன்றம் துணைவிதி இயற்றலாம் என்று பொதுவாகச் சொல்கிறது. இத்தகைய பொதுப் பிரிவு எல்லாவற்றுக்கும் சாவி ஆகிவிடாது. ஊரின் உண்மையான நலனோடு தொடர்பு வேண்டும். இங்கே அது இருக்கிறது என்று நீதிமன்றம் கண்டது. முழுத் தடையாக இல்லாமல் அவசியமற்ற பயன்பாட்டை மட்டுமே தடுப்பதால், உடல்நலம் என்ற நோக்கத்தின் எல்லையைத் துணைவிதி தாண்டவில்லை என்பதே காரணம். 3-ஆம் பிரிவின் விலக்குகள் இங்கேதான் கைகொடுத்தன.

நிறுவனங்கள் இதே விலக்குகளைத் திருப்பிப்போட்டும் வாதிட்டன: ஒருவருக்கு அனுமதி, இன்னொருவருக்குத் தடை என்றால் அது பாகுபாடு அல்லவா? நீதிமன்றம் ஏற்கவில்லை. அவசியமானதையும் அல்லாததையும் பிரிக்காமல் துணைவிதியின் நோக்கமே நிறைவேறாது. அந்தப் பிரிப்பு அதிகாரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றது.

இரண்டாவது கேள்வி, மேல் சட்டங்களோடு மோதல் உண்டா? இதற்கு நீதிமன்றம் கையாண்ட சோதனை கறாரானது. ஒரு சட்டம் ‘செய்’ என்று சொல்ல, மற்றது ‘செய்யாதே’ என்று சொன்னால்தான் மோதல். கூட்டரசுச் சட்டம் இந்தப் பொருளை விற்கலாம், பயன்படுத்தலாம் என்கிறது. பயன்படுத்தியே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மாகாணச் சட்டம் உரிமம் தருகிறது. உரிமம் பெற்றவர் ஹட்சனில் தெளித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கீழ்ப்படிய முடியும், மோதல் இல்லை. தீர்ப்பில் வரும் ஒப்புமை இதைத் தெளிவாக்குகிறது. மோட்டார் வண்டியையும் சிகரெட்டையும் மேல் அரசு அனுமதிக்கிறது. ஆனாலும் எந்தத் தெருவில் ஓட்டலாம், எங்கே புகைக்கலாம் என்பதில் ஊருக்கும் ஒரு சொல் உண்டு.

மாகாணச் சட்டத்தில் ஒரு பொறி இருந்ததையும் சொல்ல வேண்டும். மாகாணம் பூச்சிக்கொல்லி மேலாண்மை விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டால், அதற்கு முரணான ஊர் விதிகள் மேல் அது ஓங்கி நிற்கும் என்று அச்சட்டம் கூறியது. தீர்ப்பு நாளில் அப்படி ஒரு தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஹட்சனின் வெற்றியில் காலத்தின் பங்கும் கொஞ்சம் உண்டு.

6. வேலூரிலிருந்து ஒட்டாவாவுக்கு

தமிழ் வாசகர் இந்தத் தீர்ப்பில் எதிர்பாராத ஓர் ஊர்ப்பெயரைக் காண்பார். தம் முடிவுக்குத் துணையாக லெரூ-துபே முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைக் கொண்டுவந்தார்: மீளமுடியாத கேடு நேரும் அபாயம் இருக்கும்போது, முழு அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. 1990-ஆம் ஆண்டு பெர்கன் பிரகடனத்தில் இடம்பெற்ற இக்கோட்பாடு பன்னாட்டு வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது என வாதிட இடமுண்டு என்று காட்ட அவர் சுட்டியவற்றுள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளும் உண்டு. அவற்றில் ஒன்று 1996-ஆம் ஆண்டின் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் சுத்திகரிக்காத கழிவைப் பாலாற்றிலும் நிலத்திலும் விட்டதற்கு எதிரான பொதுநல மனு அது. பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்த்துப்போன கதை நமக்குப் புதிதன்று. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மனு பதிவான ஆண்டு 1991. ஹட்சன் துணைவிதி பிறந்ததும் அதே ஆண்டில்தான். பாலாற்று நீர் கெட்டதால் எழுந்த வாதம், பத்தாண்டு கழித்து ஒட்டாவா ஆற்றங்கரையின் புல்தரை வழக்கில் துணைச் சான்றாக நின்றது.

இந்தத் தொடர்பைப் பெரிதுபடுத்தவும் கூடாது. தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி லூயி லெபெல், இந்தப் பன்னாட்டு மேற்கோள்கள் சுவையானவைதாம், ஆனால் வழக்கைத் தீர்க்கத் தேவையில்லை என்ற கருத்தைப் பதிவு செய்தார். வழக்கமான உள்ளாட்சிச் சட்டப் பொருள்கோளே போதும் என்பது அவர் நிலை. மற்ற இருவர் அவரோடு சேர்ந்தனர். என் பார்வையில் லெபெல் சொன்னதே சரி. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு ஹட்சனுக்கு அணி சேர்த்தது; தூணாக நின்றது 3-ஆம் பிரிவு.

இந்தியாவில் இதே சிக்கல் வேறு பாதையில் போனது. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த மாவினால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததன் தொடர்ச்சியாக வந்தது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். பதிவு, விற்பனை, தடை எல்லாம் பொருளைச் சுற்றியே அமைந்தவை. அதிகாரம் பெரும்பாலும் தில்லியில். மாநில அரசுக்கே சில நாள் கணக்கில்தான் தடுக்க முடியும். தற்கொலைகளைக் குறைக்க வேண்டித் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தடுத்தபோதும் அது 60 நாள் தடையாகவே அமைந்தது. மாநிலத்தின் நிலையே இது. பேரூராட்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

7. வென்றும் தோற்ற ஊர், வெல்லாமலே தோற்ற ஊர்

ஹட்சனின் நிலையை எடைபோட இரண்டு ஒப்பீடுகள் போதும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேசி என்ற மிகச் சிறிய ஊர் 1985-இல் ஒரு விதி செய்தது. பொது நிலத்திலும், பொதுமக்கள் புழங்கும் தனியார் நிலத்திலும், வானிலிருந்தும் தெளிக்க முன்அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1991 ஜூனில் ஊருக்குச் சார்பாக முடிந்தது: கூட்டரசின் பூச்சிக்கொல்லிச் சட்டம் உள்ளாட்சி விதிகளைத் தடுக்கவில்லை. மீண்டும் 1991! ஆனால் தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் மூடாத கதவை மூட மாநிலச் சட்டமன்றங்களுக்குப் போனார்கள். சில ஆண்டுகளுக்குள் மிகப் பெரும்பாலான மாநிலங்கள், பூச்சிக்கொல்லி பற்றி ஊர்கள் விதி செய்யக் கூடாது என்று சட்டம் இயற்றிவிட்டன. மேய்ன் போன்ற சில மாநிலங்களே மிஞ்சின.

பிரான்சின் பிரித்தானி வட்டாரத்தில் லாங்குவே என்ற சிற்றூரின் மேயர் டேனியல் குயெஃப் 2019 மே மாதம், குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். மக்கள் ஆதரவு திரண்டது. வேறு பல மேயர்களும் அதேபோல ஆணையிட்டனர். ரென் நகர நிர்வாக நீதிமன்றம் அந்த ஆண்டே அதை நீக்கியது. இந்த அதிகாரம் அமைச்சர்களுக்கு உரியது, மேயருக்கு இல்லை என்பதே காரணம். 150 மீட்டர் என்பது நேரே உழவரின் வயலுக்குள் போய் நிற்கும் கோடு. அந்தத் தெளிப்பு உழவருக்கு அவசியம் என்று வாதிட இடம் உண்டு. அப்படி வாதம் எழுந்ததுமே பொருளின் தீமையை நிறுவ வேண்டிய சுமை மேயர் தலையில் விழுகிறது. அதற்குரிய நிபுணர்கள் தலைநகரில் இருக்கிறார்கள். இரு நாடுகளின் சட்ட அமைப்பும் வேறு என்பதை மறக்காமலே சொல்கிறேன்: ஹட்சன் மார்ச் மாதப் பதிவேட்டோடு வயலின் வரப்பில் நின்றுகொண்டது அதன் நல்லறிவு.

8. துணைவிதி மாகாணச் சட்டம் ஆனபின்

தீர்ப்புக்குப் பிறகு பரவல் வேகமாக நடந்தது. ஹாலிஃபாக்ஸ் 2000-த்திலேயே தன் துணைவிதியை நிறைவேற்றியிருந்தது. டொராண்டோ 2003-இல் நிறைவேற்றி 2004 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியது; பயிர்ப் பாதுகாப்புத் தொழிலின் சங்கமான கிராப்லைஃப் கனடா வழக்குத் தொடுத்து 2005-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. கியூபெக் மாகாணமே 2003-இல் தன் மேலாண்மை விதித்தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2006-க்குள் 2,4-டி உள்ளிட்ட 20 வேதிப்பொருள்களைப் புல்தரையிலிருந்து விலக்கியது. ஒன்டாரியோ 2008-இல் அழகுக்கான பூச்சிக்கொல்லித் தடைச் சட்டத்தை இயற்றி 2009 ஏப்ரல் 22 முதல் செயல்படுத்தியது. ஹட்சன் எழுதாமல் விட்ட ‘அழகு’ என்ற சொல் ஒன்டாரியோவில் சட்டத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வீடு வைத்திருக்கும் தமிழர்கள் மே மாதத்தில் குந்தி உட்கார்ந்து டான்டிலையனை வேரோடு பிடுங்குவது இந்தச் சட்டத்தின் கைங்கரியம். நாற்றங்காலில் களை பறித்த கைகளுக்கு அது புதிதாக இருக்காது.

விளைவு என்ன? ஒன்டாரியோ அரசின் ஆய்வாளர்கள் தடைக்கு முந்தைய கோடையிலும் பிந்தைய கோடையிலும் 10 நகர ஓடைகளின் நீரைச் சோதித்தனர். 2,4-டி, டைகாம்பா, மெக்கோப்ராப் ஆகிய மூன்று புல்தரைக் களைக்கொல்லிகளின் அளவும் கணிசமாகக் குறைந்திருந்தது. மனித உடல்நலத்தில் என்ன மாறியது என்பது ஓடை நீரைப்போல எளிதில் அளக்கத்தக்கதன்று. அதைப் பற்றி உரத்துப் பேசுபவர்களை, அவர்கள் எந்தப் பக்கமாயினும், நான் ஐயத்தோடுதான் கேட்பேன்.

என் கருத்துக்கு வலுவான சான்று நீதிமன்றத்துக்கு வெளியே கிடைத்தது. 2,4-டி தயாரிக்கும் டௌ அக்ரோசயன்ஸ், கியூபெக்கின் தடைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று கூறி, வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் முதலீட்டு அத்தியாயத்தின் கீழ் 2009-இல் கனடா மேல் 20 லட்சம் டாலர் கோரி நடுவர் வழக்குக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கனடாவின் சுகாதாரத் துறை 2,4-டி-யை மறு ஆய்வு செய்து, சிட்டையில் (லேபிளில்) உள்ளபடி பயன்படுத்தினால் ஏற்கத்தக்கது என்று முடிவு கூறியிருந்தது. நிறுவனத்தின் கையில் நல்ல சீட்டு. 2011-இல் சமரசம் ஏற்பட்டது. சிட்டைப்படி பயன்படுத்தினால் இப்பொருளால் ஏற்கமுடியாத அபாயம் இல்லை என்று கியூபெக் எழுத்தில் ஒப்புக்கொண்டது. நிறுவனம் வழக்கைக் கைவிட்டது; ஒரு காசும் பெறவில்லை. தடை அப்படியே நின்றது.

இதை ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும். ‘நஞ்சா?’ என்ற கேள்வியில் நிறுவனத்துக்கு அது விரும்பிய வாசகம் கிடைத்துவிட்டது. அதனால் ஒரு புல்தரைகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதே 2,4-டி-யை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற பிரிவில் வைத்தது. நாளை வேறொரு குழு வேறு பிரிவில் வைக்கலாம். ஊசல் எந்தப் பக்கம் ஆடினாலும் டான்டிலையனைக் கொல்லும் அவசியம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

9. துணைவிதி விட்டுவைத்தவை

குறைகளையும் சொல்லாமல் இருக்க முடியாது. ‘அவசியமா?’ என்ற கேள்விக்குப் பெரும்பகுதித் தெளிப்பு ‘ஆம்’ என்று பதில் சொல்லித் தப்பிவிடுகிறது. வயல்களில் இறைக்கப்படும் அளவோடு ஒப்பிட்டால் புல்தரைத் தெளிப்பு சிறியது. ஹட்சன் வழிமுறை வயலைத் தொடவே இல்லை. ஒன்டாரியோ சட்டம் உழவு, காடு வளர்ப்பு, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தது புரிகிறது. குழிப்பந்து மைதானங்களுக்கும் நிபந்தனையோடு விலக்கு அளித்தது புரியவில்லை. ஹட்சன் ஐந்தாண்டோடு முடித்த சலுகையை ஒன்டாரியோ நிரந்தரமாக்கிவிட்டது. பந்து உருள வேண்டிய புல் எந்த அளவுகோலில் அவசியம் ஆகிறது என்பதை விளக்குவது கடினம்.

இன்னொரு குறை நுட்பமானது. மாகாணங்கள் ஊர்களின் விதியை எடுத்துக்கொண்ட முறையில் ஒற்றுமை இல்லை. கியூபெக் தொகுப்பைவிடக் கறாராகப் போக ஊர்களுக்கு இடம் இருந்தது. அதனால்தான் மொன்றியால் 2022 தொடக்கத்தில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி உட்படப் பல பொருள்களின் விற்பனையையும் பயன்பாட்டையும் தன் எல்லைக்குள் தடுக்க முடிந்தது. ஒன்டாரியோ மாறாக, அழகுக்கான பூச்சிக்கொல்லி பற்றிய ஊர் விதிகள் செயலிழக்கும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. அன்று அதை எதிர்த்தவர்கள் குறைவு. மாகாணத் தடை பல ஊர்களின் தடையைவிட வலுவாக இருந்தது. ஆனால் ஒரு நாள் மாகாணம் தன் சட்டத்தைத் தளர்த்தினால், டொராண்டோ தன் பழைய துணைவிதியைத் தூசு தட்டி எடுக்க முடியாது. கேசி ஊருக்கு எதிரிகள் செய்ததை ஒன்டாரியோ ஊர்களுக்கு நண்பர்களே செய்தார்கள்.

10. வரைவோருக்கு

உள்ளாட்சி விதிகளை எழுத உட்காரும் மன்றச் செயலர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் வழக்குரைஞர்களும் ஹட்சன் தீர்ப்பின் முழக்கமான பத்திகளைப் பிறகு படிக்கட்டும். முதலில் துணைவிதியை எடுத்து அதன் 3-ஆம் பிரிவைப் படியுங்கள். நீச்சல் குளம், குடிநீர், கட்டடத்தின் உட்புறம், ஆபத்தான விலங்கு, ஒவ்வாமைச் செடி என்று சில வரிகள்தாம். ஏறத்தாழ ஒன்பதாண்டு வழக்கைத் தாங்கியவை அவை.